லௌகிக நாடகமும் ஆன்ம அநுபவமும்

கடவுளைப் பாத்திரமாகக் கொள்ளாத, எந்தச் சமயத்தின் புனித நூலையும் கதைப்பொருளாக எடுத்துக்கொள்ளாத, மாலை நேரப் பொழுதுபோக்காகவே ஒளிபரப்பப்பெற்ற ஒரு தொலைக்காட்சி நாடகம், அதைப் பார்த்து முடித்தவனுடைய உள்ளத்தில், தான் யார், தன் செயலுக்குத் தான் எவ்வளவு பொறுப்பாளி, தன்னைச் சூழ்ந்துள்ள உயிர்களுக்கும் தனக்கும் உள்ள சம்பந்தம் யாது என்னும் ஆதி விசாரங்களைக் கிளப்பிவிடுமானால், அந்த அநுபவத்தை ஆன்மிகம் என்று கூறுவது பொருந்துமா என்பது, மேல்நாட்டு விமரிசகர்களையும் சமய அறிஞர்களையும் நெடுநாளாக ஒருங்கே ஈர்த்துவரும் கேள்வியாகும். தேவாலயத்திற்குச் செல்வதை நிறுத்திவிட்ட லட்சக்கணக்கான மக்கள் இரவு தோறும் இத்தகைய தொடர்களின் முன்னே அமர்ந்திருக்கும் நாடுகளில், இது பண்டிதர்களின் வாதத்திற்கு மட்டும் உரிய விஷயமாக நின்றுவிடவில்லை.

விடை கூறுவோர் பெரும்பாலும் இரண்டு அணியினர். நாடகத்தில் இருப்பது நாடகமே, அதில் காணப்படும் ஆன்மிகம் பார்ப்பவன் தன்னுடன் கொண்டுவந்த சரக்கு என்பார் ஓர் அணியினர். கைகளை விரித்து நிற்கும் எவனைக் கண்டாலும் சிலுவையையும், நீரில் மூழ்கி எழும் எவளைக் கண்டாலும் ஞானஸ்நானத்தையும் கண்டு மகிழ்வார் மற்றோர் அணியினர். முன்னவர் படைப்புக்குச் செவி கொடுக்க மறுக்கின்றனர். பின்னவர் அது பேசத் தொடங்குமுன்பே தாம் பேசிவிடுகின்றனர். லௌகிக நாடகத்தில் ஆன்மப் பொருள் உண்டு என்றும், ஆனால் அது அங்கங்கே தூவப்பட்ட சின்னங்களில் அன்றிப் படைப்பின் முழு அமைப்பிலும் அதன் முடிவின் நேர்மையிலுமே பிறக்கிறது என்றும் நான் கருதுகிறேன்.

பக்தித் தொடர்களை இந்த விசாரணையிலிருந்து முதலில் விலக்கிவிட வேண்டும். ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷனில் வந்தபோது, நாட்டின் பல பகுதிகளிலும் மக்கள் குளித்து முழுகித் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு ஊதுவத்தி ஏற்றி அமர்ந்தார்கள் என்பது அனைவரும் அறிந்ததே. அந்த பக்தி மெய்யானது. ஆனால் அது திரை தந்த பக்தி அன்று. காலங்காலமாக நெஞ்சில் குடியிருந்த மூர்த்தி திரையில் எழுந்தருளிய மாத்திரத்தில் கை தானே குவிந்தது. நம்முடைய கேள்வியோ, கை குவிப்பதற்கு எந்த மூர்த்தியும் இல்லாத இடத்தில் நெஞ்சம் எதனால் குவிகிறது என்பது.

இக்கேள்விக்குக் கருவி தேடி ஐரோப்பியத் தத்துவத்திற்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர், ‘த்வந்யாலோகம்’ என்னும் நூலில், மகாபாரதத்தின் தலைமை ரஸம் எது என்று ஆராய்கிறார். பக்கத்திற்குப் பக்கம் போரும் வஞ்சினமும் பிணமும் நிறைந்த அந்தக் காவியத்தின் தலைமை ரஸம் வீரமும் அன்று, ரௌத்திரமும் அன்று, சாந்தமே என்பது அவர் முடிபு. அதற்கு அவர் காட்டும் ஆதாரம் ஒரு தனிச் சுலோகமோ ஒரு தனி உபதேசமோ அன்று. வென்றவர்களான பாண்டவரும், அவர்களுக்குத் துணைநின்ற யாதவரும் இறுதியில் அடையும் பரிதாபமான முடிவு முழுக் கதையின்மீதும் திரும்பி வீசும் ஒளியில், வாசகன் உள்ளத்தில் சொல்லாமலே எழும் வைராக்கியமே அதற்கு ஆதாரம். பொருள் சொல்லப்படுவதில்லை, தொனிக்கிறது. அரசுரிமைச் சண்டை ஒன்றைச் சொல்லும் கதை மோக்ஷத்தை நோக்கித் திரும்புவது எவ்வாறு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்துத் தோன்றிய ஒரு கலைவடிவத்திற்கும் இந்த அளவுகோல் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது.

இவ்வகை நாடகங்களுள் முதன்மையாகக் கருதத்தக்கது போலந்து நாட்டுத் தொலைக்காட்சிக்காக 1988இல் எடுக்கப்பெற்று அடுத்த ஆண்டின் இறுதியில் ஒளிபரப்பத் தொடங்கிய ‘டெக்கலாக்’. இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி, அவருடன் சேர்ந்து எழுதியவர் பியெசெவிச் என்னும் வழக்கறிஞர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும் பத்துப் படங்கள். தலைப்பு விவிலியத்தின் பத்துக் கட்டளைகளைச் சுட்டினும், எந்தப் படமும் எந்தக் கட்டளையையும் தலைப்பாகத் தாங்கி வருவதில்லை. படங்களுக்கு எண்கள் மட்டுமே உண்டு. கதை மாந்தர் பெரும்பாலோரும் வார்ஸாவில் ஒரே மாதிரியான சாம்பல்நிற அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள்: மருத்துவர், வாடகைக் கார் ஓட்டி, தபால் நிலைய ஊழியன், பேராசிரியை. கம்யூனிஸ ஆட்சி சரிந்துகொண்டிருந்த காலம் அது. கடை வாசலில் மைல்கணக்கில் வரிசைகள் நின்ற காலம். அந்த வரிசைகளையும் ரேஷன் சீட்டுகளையும் அரசியலையும் படத்தில் காட்டுவதில்லை என்று இருவரும் வேண்டுமென்றே முடிவு செய்தனர். கீஸ்லோவ்ஸ்கி தேவாலயத்தின் பிள்ளையாகத் தம்மைக் காட்டிக்கொண்டவர் அல்லர். ஆயினும் 1995இல் சினிமாவின் நூற்றாண்டை ஒட்டி வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில் இந்தப் படைப்பு இடம் பெற்றது. சமயத்தைச் சேர்ந்தவை என்ற பிரிவில் அன்று, வாழ்க்கை விழுமியங்களைச் சேர்ந்தவை என்ற பிரிவில் அது வைக்கப்பட்டதை விவேகமுள்ள தீர்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

முதற்படத்தைச் சற்று நின்று பார்ப்போம். பல்கலைக்கழக ஆசிரியரான ஒரு தந்தை. பாவெல் என்னும் அவருடைய சிறு மகன். அளக்கக்கூடிய யாவற்றையும் அளந்துவிடலாம் என்பது தந்தையின் நம்பிக்கை. வீட்டிலுள்ள கணிப்பொறி அந்த நம்பிக்கையின் வடிவம். குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்த ஒரு தெருநாயைப் பார்த்துவிட்டு வந்த பையன், மரணம் என்றால் என்ன என்று கேட்கிறான்; இதயம் இரத்தத்தைச் செலுத்துவது நின்றுவிடுவது என்கிறார் தந்தை. கடவுள் யார் என்று அவன் அத்தையைக் கேட்கும்போதோ, அவள் அவனை இறுகத் தழுவிக்கொண்டு, இப்போது நீ என்ன உணர்கிறாய் என்று திருப்பிக் கேட்கிறாள். அன்பை உணர்வதாகப் பையன் சொல்ல, கடவுள் அங்கேதான் இருக்கிறார் என்கிறாள். குளத்தின் பனிக்கட்டி சறுக்கு விளையாடத் தாங்குமா என்று தந்தை கணக்கிடுகிறார். பையனைவிடப் பன்மடங்கு கனமான உடலையும் தாங்கும் என்று கணிப்பொறி விடை தருகிறது. அவரோ அதனோடு அமையாமல் இரவில் தாமே சென்று பனிமேல் நடந்தும் பார்க்கிறார். மறுநாள் பையன் மூழ்கி இறக்கிறான்.

அறிவியலை நம்பியவன் தண்டிக்கப்பட்டான் என்று இந்தப் படத்தைப் புரிந்துகொள்பவர் உண்டு. அப்படிப் புரிந்துகொள்வது படத்திற்கு இழைக்கும் அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. தந்தை அகங்காரி அல்லர். பொறுப்பும் பாசமும் நிறைந்தவர். கணக்கைச் சரிபார்க்க நடுநிசியில் பனிமேல் நடந்தவர். அத்தையின் விசுவாசமும் பையனைக் காப்பாற்றவில்லை. மேசைமேல் மைப்புட்டி தானே கசிந்து, தாள்களில் மை பரவும் காட்சி ஒன்று வருகிறது. அந்த வேளையில் வெளியே தீயணைப்பு வண்டிகளின் ஓலம் எழுகிறது. தந்தை கறைபட்ட கைகளைக் கழுவுகிறார். அவ்வளவே. அந்தக் கணத்தில் பார்ப்பவன் உணர்வது ஒரு சித்தாந்தம் அன்று. மனிதக் கணக்கின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கே நிற்கும் பயம். இறுதியில் அவர் கட்டி முடிக்கப்படாத ஒரு தேவாலயத்திற்குள் சென்று பீடத்தைத் தள்ளிவிடுகிறார். மேலிருந்த மெழுகுவத்திகளின் மெழுகு உருகி, செஸ்டகோவா அன்னையின் படத்தில் முகத்தின் வழியே வழிகிறது. உறைந்துபோன தீர்த்தத்தின் துண்டை எடுத்து அவர் நெற்றியில் அழுத்திக்கொள்கிறார். அன்னை அழுதாளா, மெழுகு வழிந்ததா? படம் விடை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பிரசாரமாகிவிடும். அந்த இடத்தைக் காட்டாமலே விட்டிருந்தால் வெறும் விபத்துச் செய்தியாகிவிடும்.

இத்தொடரின் பத்துள் எட்டுப் படங்களில் ஒரு வார்த்தையும் பேசாத ஓர் இளைஞன் வருகிறான். முதற்படத்தில் குளக்கரையில் தீ மூட்டி அமர்ந்திருப்பவன் அவனே. நெருக்கடியான தருணங்களில் தோன்றி, எதையும் தடுக்காமல், எவருக்கும் உதவாமல், பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கிறான். அவனைத் தேவதூதன் என்பர் சிலர். உபநிஷதம் கூறும் இரு பறவைகளுள், கனியை உண்ணாமல் பார்த்திருக்கும் மற்றைப் பறவையை நம்மவர் நினைப்பர். எந்தப் பெயரை இட்டாலும் பார்ப்பவன் இழப்பது அதிகம். அந்தப் பார்வையின் கீழ் நிகழும் மனிதச் செயல் எத்துணைக் கனமுடையதாகிறது என்பதே கவனிக்கத் தக்கது. ஐந்தாம் படத்தில் ஓர் இளைஞன் வாடகைக் கார் ஓட்டி ஒருவனை எக்காரணமுமின்றிக் கொல்கிறான். பின்னர் அரசாங்கம் அவனை முறைப்படி தூக்கிலிடுகிறது. இரண்டு கொலைகளும் ஒரே நிதானத்துடன், ஒரே கொடூரத்துடன் காட்டப்படுகின்றன. கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளை யாரை நோக்கியது என்பதை அதன்பின் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் படமோ, தபால்தலைச் சேகரிப்பின் பேராசையில் சிக்கிய இரு சகோதரர்களின் ஹாஸ்யக் கதை. பத்தும் ஒரே கறுப்பு வர்ணத்தில் அமையாதிருப்பது படைப்பின் ஆரோக்கியத்திற்கு அறிகுறி.

‘டெக்கலாக்’ தனித்தனிப் படங்களின் கோவை. ஆண்டுக்கணக்கில் ஓடும் நெடுந்தொடருக்கோ வேறொரு பலம் உண்டு, அது காலம். சினிமாவில் இரண்டு மணி நேரத்தில் பாவி புண்ணியனாகிவிட வேண்டும். நெடுந்தொடரில் அவன் விழுந்து, எழுந்து, மீண்டும் விழுவதைப் பார்க்க நமக்கு அவகாசம் உண்டு. இதற்கு மிகச் சிறந்த உதாரணம் 2002 முதல் 2008 வரை 60 பகுதிகளாக வந்த ‘தி வயர்’. பத்திரிகை நிருபராக இருந்த டேவிட் சைமனும், போலீஸ் அதிகாரியாகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்த எட் பர்ன்ஸும் சேர்ந்து பால்டிமோர் நகரத்தைப் பற்றி எழுதியது. பண்டைய கிரேக்கத் துன்பியல் நாடகமே தமக்கு முன்மாதிரி என்றும், அங்கே ஒலிம்பிய தெய்வங்கள் வகித்த ஸ்தானத்தை இங்கே போலீஸ் இலாகா, கட்சி அரசியல், போதை வணிகம் போன்ற ஸ்தாபனங்கள் வகிக்கின்றன என்றும் சைமன் கூறியிருக்கிறார். இதைவிட லௌகிகமான திட்டம் ஒன்று இருக்க முடியாது. அதற்குள்தான் பபிள்ஸ் என்னும் போதை அடிமையின் கதை வருகிறது.

பபிள்ஸ் ஒரு தள்ளுவண்டியில் சில்லறைச் சாமான்களை விற்றுத் திரிபவன். ஷெராட் என்னும் திக்கற்ற சிறுவனைத் தன்னுடன் வைத்துக்கொள்கிறான். தன்னை நாள்தோறும் அடித்துப் பிடுங்கும் ஒரு முரடனைத் தீர்த்துவிட, நஞ்சு கலந்த போதை மருந்தைத் தயார் செய்து வைக்கிறான். அதை அறியாத சிறுவன் எடுத்துக்கொண்டு இறந்துவிடுகிறான். பபிள்ஸ் போலீஸாரிடம் தானே சென்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, அங்கேயே தூக்கிட்டுக்கொள்ள முயல்கிறான். அதிகாரி இரக்கங்கொண்டு வழக்குப் பதியாமல் அவனைச் சிகிச்சைக்கு அனுப்பிவிடுகிறார். சட்டம் விட்டுவிட்டது, இனி அவன் எங்கே போவான்? இறுதிப் பருவத்தில் அவன் தன் தங்கை வீட்டு நிலவறையில் வாழ்கிறான். எத்தனையோ முறை அவனிடம் ஏமாந்து களவு கொடுத்த தங்கை, படிக்கட்டின் மேலேயுள்ள கதவைப் பூட்டியே வைத்திருக்கிறாள். அவளைக் கொடியவள் என்று நாடகம் சொல்லவில்லை. அவள் அச்சமும் நியாயமே. தனக்கு எய்ட்ஸ் நோய்க்கிருமி இல்லை என்று பரிசோதனையில் தெரியவந்தபோது அவன் மகிழவில்லை. அதை நம்பவே மறுக்கிறான். தண்டனை வராததைத் தாங்க முடியாத மனநிலை அது. அதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறொரு தொடரை நான் அறியேன். பல மாதங்கள் கழித்தே, போதையிலிருந்து மீண்டவர்கள் கூடும் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்தச் சிறுவனின் பெயரை அவனால் சொல்ல முடிகிறது. தொடரின் கடைசி நிமிஷங்களில் கதவு திறந்திருக்கிறது. அவன் மேலேறி வந்து குடும்பத்தாருடன் உணவு மேசையில் அமர்கிறான். நகரமெங்கும் பழைய அநீதிகள் புதிய ஆட்களைக் கொண்டு மீண்டும் தொடங்கிவிட்ட அதே வேளையில், ஒரே ஒரு மனிதன் பதினைந்து படிகள் கூட இல்லாத ஒரு மாடிப்படியை ஏறியிருக்கிறான். அறுபது பகுதிகளைப் பார்த்தவனுக்கே அந்த ஏற்றத்தின் உயரம் தெரியும்.

பிராயச்சித்தம் என்னும் பொருள் இத்தொடர்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. ‘தி சோப்ரானோஸ்’ தொடரில், கொள்ளைக்கூட்டத் தலைவனின் மனைவி கார்மெலா ஒரு முதிய மனோதத்துவ மருத்துவரை நாடிச் செல்கிறாள். அவளுக்கு வேண்டியது ஆறுதல். அவரோ, குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவனை விட்டு நீங்கிவிடு என்று நேராகச் சொல்லி, அவள் தரும் பணம் இரத்தக்கறை படிந்தது என்று கூலி வாங்கவும் மறுத்துவிடுகிறார். உண்மையை அறியேன் என்று அவள் இனி ஒருபோதும் சொல்ல முடியாது. அறிந்தும் அவள் திரும்பிப் போகிறாள். 2022இல் முடிந்த ‘பெட்டர் கால் சால்’ இதற்கு மறுதலையான வழியில் செல்கிறது. வாய்ச்சாலக வக்கீலான சால் குட்மன், ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களை ஏழாண்டுச் சிறையாகப் பேரம் பேசிக் குறைத்துக்கொண்ட பிறகு, நீதிமன்றத்தில் எழுந்து யாவற்றையும் ஒப்புக்கொண்டு 86 ஆண்டுகள் தண்டனை பெறுகிறான். அதிலும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. தன் தமையனின் தொழிலைக் கெடுத்து அவர் தற்கொலைக்குக் காரணமானதையும் அவன் சொல்கிறான். அது குற்றமே அல்ல என்று அவனுடைய சட்ட ஆலோசகர் இடைமறிக்க, ஆம், குற்றம்தான் என்கிறான். சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு நீதியின் முன் நிற்பதாக ஒருவன் உணரும் கணம் அது. பிறகே தன் புனைபெயரை உதறிவிட்டுப் பெற்றோர் வழிவந்த பெயரை நீதிபதியிடம் கூறுகிறான்.

தொனியை விட்டு, வெளிப்படையான சொற்பொருளாகிய வாச்சியத்தைப் பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘லாஸ்ட்’ சான்று. ஆறு ஆண்டுகள் மர்மத்திற்கு மேல் மர்மமாக வளர்ந்த அத்தொடர், 2010 மே மாதத்தில், பல மதச் சின்னங்களும் ஒருங்கே பொறிக்கப்பட்ட வண்ணக் கண்ணாடிச் சாளரமுள்ள ஓர் ஆலயத்தில் பாத்திரங்களையெல்லாம் கூட்டி வைத்து முடிந்தது. கண்ணீர் விட்டவர்கள் உண்டு; ஏமாந்தவர்களும் ஏராளம். என் தீர்ப்பு பின்னவர்களுடையது. கதை சம்பாதித்திராத சாந்தியைச் சாளரம் வழங்க முடியாது. அவ்வாறே, ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் வர்ணங்களையும் எண்களையும் பிரித்துப் பிரித்து மறைபொருள் தேடுபவர்கள், தன் பொய்யைக் குடும்பப் பாசம் என்று பெயரிட்டு வளர்த்த ஒரு மனிதன், இறுதியில் யாவும் தனக்காகவே செய்தேன் என்று மனைவியிடம் ஒப்புக்கொள்ளும் எளிய இடத்தைக் கடந்து போய்விடுகின்றனர். நாயகன் அமைதி பெற்றதைக் காட்டி உடனே ஒரு குளிர்பான விளம்பரத்தில் முடியும் ‘மேட் மென்’, அந்த அமைதியே விற்பனைச் சரக்காகிவிடும் அபாயத்தை அறிந்த படைப்பு. அதற்குமேல் அதைப்பற்றி இங்கே விரிக்க வேண்டியதில்லை.

ஆசிரியனுக்கு விசுவாசம் இல்லாதபோது படைப்பில் அது எங்கிருந்து வரும் என்ற ஆக்ஷேபம் பலமானது. 2014 முதல் 2017 வரை 28 பகுதிகள் வந்த ‘தி லெஃப்ட்ஓவர்ஸ்’ இதற்கு மறுமொழி தருகிறது. உலக மக்களில் நூற்றுக்கு இரண்டு பேர் ஒரே கணத்தில் மறைந்துவிடுகிறார்கள். காரணம் கடைசிவரை சொல்லப்படுவதில்லை. கணவனையும் இரு குழந்தைகளையும் இழந்த நோரா, பல ஆண்டுகளுக்குப்பின், தான் அவர்கள் போன உலகத்திற்கே சென்று, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பியதாக ஒரு கதை சொல்கிறாள். மெய்யோ, துக்கம் பொறாமல் தானே கட்டிக்கொண்டதோ, நமக்குக் காட்டப்படுவதில்லை. சொல்லும் அவள் முகம் மட்டுமே காட்டப்படுகிறது. கேட்டவன், உன்னை நம்புகிறேன் என்கிறான். நம்பிக்கை என்பது ஒரு செய்தியை ஏற்பது அன்று, ஒரு மனிதரை ஏற்பது என்ற விஷயம் அங்கே நிகழ்ந்தேவிடுகிறது. அதை எழுதியவருடைய சொந்த மதம் யாதாயினும் அந்நிகழ்ச்சியின் உண்மை குறைவதில்லை. கவிஞனின் கொள்கையைக் கொண்டு அன்றிக் காவியத்தின் பயனைக் கொண்டே ரஸத்தை நிர்ணயித்த நம் பழைய ஆலங்காரிகர்களுக்கு இது புதுமையாகப் பட்டிராது.

இன்னும் கடினமான ஆக்ஷேபம் ஒன்று எஞ்சியிருக்கிறது. சாய்ந்து அமர்ந்து பிறர் துக்கத்தைப் பார்த்துக் கண் கலங்குவது சாதனை ஆகுமா? ஏறத்தாழ ஒவ்வொரு பகுதியையும் ஒரு மரணத்தில் தொடங்கி, இறுதியில் முக்கிய பாத்திரங்கள் அனைவருடைய மரணத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி முடிந்த ‘சிக்ஸ் ஃபீட் அண்டர்’ தொடர், நிலையாமையைப் பற்றிய தியானம் என்று போற்றப்படுகிறது. அது பெற்ற புகழ் தகுதியானதே. ஆயினும் அந்தத் தியானத்திற்கு நியமம் இல்லை, விரதம் இல்லை, உடன் அமர்வோர் இல்லை, தவறும்போது பிடித்து நிறுத்தும் குருவும் இல்லை. ரஸாநுபவத்தைப் பிரம்மாநுபவத்தோடு ஒப்பிட்ட ஆலங்காரிகர் அபிநவகுப்தரின் மரபும், இரண்டையும் ஒன்றென்று சொல்லவில்லை. நாடகம் முடிந்ததும் ரஸம் முடிந்துவிடும் என்பதை அறிந்தே ஒப்பிட்டது. சிறந்த தொடர்கள் இந்த எல்லையைத் தாமே ஒப்புக்கொள்கின்றன. பபிள்ஸ் மீண்டது எந்தக் கதையையும் பார்த்து அன்று. வாரந்தோறும் கூடும் ஒரு கூட்டத்திற்குச் சென்று, அங்கே தன்னைப்போல் விழுந்தெழுந்தவர்கள் பேசுவதைக் கேட்டு, தன் முறை வந்தபோது தானும் பேசியதனால். அவனுக்குத் துணைநிற்கும் வேலன் என்னும் பாத்திரத்தில் நடித்த ஸ்டீவ் ஏர்ல், போதைப் பழக்கத்தால் சிறைவரை சென்று, தம் சொந்த வாழ்விலும் அப்பழக்கத்திலிருந்து மீண்டவர்.